கம்பைக் கீழே வைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 38. கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் பிறந்தவள். திருமணமாகி வியாசர்பாடிக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகியும் தெருவில் நான் இன்னும் 'தஞ்சாவூர்க்காரி'தான். மகளைச் சிலம்ப வகுப்புக்கு அழைத்துப் போகும் என்னிடம் வாத்தியார் ஒருநாள் ஒரு கம்பைக் கொடுத்தார்; ஐந்து மாதங்களாக நானும் பயிற்சி செய்கிறேன். மணலியில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவருக்கு இது தெரியாது. விரல் மூட்டு வீங்கியபோது கிரைண்டர் கல் இடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பொங்கலன்று எங்கள் தெருவில் நடக்கும் நிகழ்ச்சியில் முதல் வணக்கத்தை நான்தான் செய்ய வேண்டும் என்கிறார் வாத்தியார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? விலகிவிடலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

விலக வேண்டாம். ஆனால் இந்த வாரமே உங்கள் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். வடசென்னையின் குத்துச்சண்டை உலகில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பேசிக்கொள்வதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பரம்பரை என்றால் தாத்தா, அப்பா, பிள்ளை என்று இரத்தத்தில் வருவது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். எந்த வாத்தியாரிடம் நின்று, யாரோடு சேர்ந்து அடி வாங்கிக் கற்றாய் என்பதே அங்கே பரம்பரை என்று பிறகுதான் விளங்கியது. அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாக வைத்துக்கொண்ட மண்ணில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். 14 ஆண்டுகளாகத் தெரு கொடுக்காத இடத்தை அந்த மைதானம் ஐந்து மாதங்களில் கொடுத்திருக்கிறது என்றால், அது இரக்கத்தில் கொடுத்தது அன்று. பிந்தி வந்த நாளில் தோப்புக்கரணம் போட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் காலடி எண்ணிச் சொல்லியும், மண்ணில் தண்ணீர் தெளித்தும் நீங்கள் சம்பாதித்த இடமாகத்தான் இருக்கும்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிலம்பத்தில் முதலில் பழகுவது கால்தான். காலடி சரியாக விழுந்தால்தான் கம்பு பேசும். லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குச் சுமந்த உடம்புக்கு அந்த நிதானம் ஏற்கெனவே தெரியும். தோளையும் மணிக்கட்டையும் மட்டும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைவிடக் கூடுதல் நேரம் தளர்த்திவிட்டுக் கம்பை எடுங்கள். அந்த விரல் மூட்டு இன்னும் வீங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வீச்சு பழகுகிறவர்கள் தங்கள் விரலையும் முழங்காலையும் தாங்களே அடித்துக்கொள்வது இயல்புதான். அதற்காக வீக்கத்தைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது அந்தக் கிரைண்டர் கல்தான். கம்பு உங்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. நிற்கும் விதமும், மறுத்துப் பேசும் குரலும்கூட மாறியிருக்கும். ஒரே வீட்டில் இருப்பவர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார், காரணம்தான் அவருக்குத் தெரியவில்லை. தன் மனைவி தெரு நடுவே கம்போடு நிற்பதை அவர் முதன்முதலாகக் கூட்டத்தில் நின்று பார்க்க நேர்ந்தால், அவர் கோபம் சிலம்பத்தின் மீது இருக்காது, மறைத்ததன் மீதுதான் இருக்கும். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆகவே அனுமதி கேட்பவரைப் போலப் பேசாதீர்கள். மறைத்ததற்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு, இது எனக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தெருக்கூத்து வித்தை என்று அவர் நினைத்தால், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதை மகளை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.

தெருவில் இருப்பவர்கள் சிரிக்கலாம். ஓரிருவர் நிச்சயம் சிரிப்பார்கள். வணக்கத்துக்குக் குனிந்து மண்ணைத் தொடும்போது உங்கள் கண் கூட்டத்தின் பக்கம் போக வேண்டாம், கம்பின் நுனியிலேயே இருக்கட்டும்.

பொங்கலன்று உங்கள் கணவருக்கு எந்த ஷிப்டு என்று இப்போதே கேட்டுவிடுங்கள். காலை ஷிப்டு என்றால், நிகழ்ச்சியை மாலையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று வாத்தியாரிடம் பேசிப் பாருங்கள்.