பி.டி.யா, எம்.டிவ்.வா? ஊழியப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பையன் பி.எஸ்சி. கடைசி வருஷம். பேங்க் பரீட்சை எழுதுவான்னு இருந்தோம். இப்போ ஊழியத்துக்குப் படிக்கணும்கிறான். எம்.டிவ்.னு ஒரு படிப்பாம். அதுல என்னதான் சொல்லித் தருவாங்க? முடிச்சா குரு ஆயிடுவானா?"

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பை முடித்ததாலேயே குரு ஆகிவிட முடியாது. பட்டம் கல்லூரி வழியாக வருகிறது. குருப்பட்டம் கொடுப்பது திருச்சபை. இரண்டுக்கும் வாசல் வேறு. அதிலும் திருச்சபையின் வாசலைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) இருந்தால் சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) பரிந்துரை, ஆயரின் கடிதம், திருமண்டலத்தின் (பேராயரின் கீழுள்ள வட்டாரத்தின்) தேர்வு, நேர்காணல் என்று ஒரு வரிசை உண்டு. தேர்வானவரைத் திருமண்டலமே கல்லூரிக்கு அனுப்பும். படித்து வந்த பிறகும் மூத்த ஆயர் ஒருவரின் கீழ் பயிற்சி, அப்புறம் டீக்கன் என்னும் முதல் நிலை, அதற்கும் அப்புறம்தான் பிரஸ்பிட்டர், அதாவது முழுக் குரு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் தனித் தேர்வு முறை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் படித்து முடித்து, பிறகு போய்க் கேட்டால், "நாங்கள் அனுப்பவில்லையே தம்பி" என்ற பதில் வரலாம். இந்தப் பாதையில் மனம் உடைகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகிறார்கள். முதலில் சபை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் பக்கத்து வழக்கமும்கூட. 1733-ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் உபதேசியாராக (வேதம் கற்பிக்கும் சபை ஊழியராக) உழைத்தவர்தான். பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் நடைமுறை வேறு. அங்கே மூத்த போதகரிடம்தான் பேச வேண்டும்.

இனி படிப்புக்கு வருவோம். பட்டதாரிகளுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி); வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட் தரும் பட்டம், பட்டதாரிக்கு நான்கு வருடம். பெயர் இளநிலைதான், ஆனால் ஒரு டிகிரியை முடித்தவர்கள் படிப்பது. வங்காளத்துச் சான்றிதழ் எதற்கு என்று நீங்கள் யோசிக்கலாம். செராம்பூர் கல்லூரி 1818-ல் தொடங்கியது. பட்டம் வழங்கும் உரிமையை 1827-ல் டென்மார்க் அரசர் கொடுத்தார். அப்போது தரங்கம்பாடியும் அதே அரசரின் கையில்தான் இருந்தது. 1918-ன் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தின் கீழ் இன்றும் பட்டம் வருகிறது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் செராம்பூரோடு இணைந்தவை. மற்றொன்று எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி); மூன்று வருடம். பெரும்பாலும் ஏ.டி.ஏ. என்னும் ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் நடக்கிறது. உங்கள் திருச்சபை எந்தப் பட்டத்தை ஏற்கிறது என்று தெரியாமல் விண்ணப்பம் வாங்க வேண்டாம்.

எம்.டிவ். அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: மொத்தம் 90 கிரெடிட் அளவு, கல்லூரிக்குக் கல்லூரி கூடும் குறையும். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 15 மணி நேர வகுப்பு. மூன்று கிரெடிட் தாள் என்றால் 45 மணி நேரம். பருவத்துக்கு ஐந்து தாள். வகுப்புக்கு வெளியே அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வாசிக்கவும் எழுதவும் வேண்டும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, அவற்றின் மூல மொழிகளான எபிரெயம், கிரேக்கம் ஒரு பக்கம். இறையியலும் அறநெறியும், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், அருட்பணியியல் இன்னொரு பக்கம். பிரசங்கக் கலை, ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்), கிறிஸ்தவக் கல்வி, ஆராதனை, சபை நிர்வாகம் ஆகியவை ஊழியத் தாள்கள். பி.டி.யிலும் பிரிவுகள் பெரும்பாலும் இவையே; ஒரு வருடம் கூடுதல் என்பதால் கொஞ்சம் ஆழம் அதிகம்.

பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுவது மொழித்தாளில். கிரேக்கத்தில் 24 எழுத்து, எபிரெயத்தில் 22. எபிரெயம் வலமிருந்து இடம் போகும். உயிரொலிக் குறிகள் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடுமாக நிற்கும். எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடும். சிக்கல் அதன் பிறகுதான். கிரேக்கத்தில் வேற்றுமைக்கு வேற்றுமை பெயர்ச்சொல்லின் முடிவு மாறும். மூன்றாம் வாரம் அதை விட்டவர் ஆறாம் வாரம் ஒரு வாக்கியத்தையும் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். தேர்வுக்கு முன் மொத்தமாகப் படிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. தினமும் அரை மணி வேண்டும். தமிழ்வழியில் படித்தவன் என்று உங்கள் மகன் பயப்பட வேண்டாம். "ஆயர் பையனைக் கூப்பிட்டார்", "பையனை ஆயர் கூப்பிட்டார்" இரண்டும் ஒன்றே என்று அவனுக்குத் தெரியும். பொருளைக் காட்டுவது உருபு, சொல் நிற்கும் இடமல்ல. கிரேக்கமும் அப்படித்தான். "ஐ, ஆல், கு, இன், அது, கண்" மனப்பாடமாக இருக்கிற பிள்ளைக்கு இந்த விஷயம் சீக்கிரம் பிடிபடும். அவனுக்கு உண்மையில் பாரமாக இருக்கப்போவது ஆங்கில நூல்கள். அதற்கு இப்போதிருந்தே நாளுக்குப் பத்துப் பக்கம் பழகட்டும்.

அடுத்தது ஆற்றுப்படுத்தல் பயிற்சி. மருத்துவமனையில் நோயாளி ஒருவரோடு பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதையும் தான் சொன்னதையும் வரிக்கு வரி எழுதித் தர வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே பயிற்சி உண்டு. "ராத்திரியெல்லாம் தூக்கமே வரல தம்பி" என்கிறார் நோயாளி. மாணவர் அடுத்த வரியில் "ஜெபம் பண்ணலாமா?" என்று எழுதியிருப்பார். ஆசிரியர் அங்கே கோடு போடுவார்: ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டாயா? வலியா, கடனா, வீட்டில் விட்டுவந்த மகளைப் பற்றிய கவலையா? அந்தக் கேள்வியைத் தாங்கும் பக்குவம்தான் பிற்காலத்தில் துக்க வீட்டில் உதவும். இந்தத் தாளைச் சும்மா ஒப்பேற்றியவர்கள் நல்ல பிரசங்கிகளாக வரலாம். சபை மக்கள் கஷ்டத்தில் தேடிப்போகும் ஆயராக வருவது கடினம்.

சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு சபையில் களப்பணி. கோடை விடுமுறையில் தொடர்ச்சியாகச் சில வாரம். இதற்கும் மதிப்பெண் உண்டு, மேற்பார்வையாளரின் அறிக்கையும் போகும். பிரசங்கம் பண்ண மட்டும் போவேன், ஓய்வுநாள் பள்ளிக்கும் வீடு சந்திப்புக்கும் வரமாட்டேன் என்பவருக்கு அந்த அறிக்கை நன்றாக வராது.

பணத்தைப் பற்றி. கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், புத்தகம் நான்கையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். ஜூனில் கட்டணம் கட்டச் சொல்வார்கள். மேட்டூர் திறந்து குறுவைக்குக் கையில் உள்ளது போகிற மாதமும் அதுதான். சம்பா அறுப்புப் பணம் தை, மாசியில் வரும்போதே முதல் வருடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். திருமண்டலம் உதவித்தொகை தந்தால், படித்தபின் எத்தனை வருடம் அங்கே ஊழியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பி.எஸ்சி.யில் அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். நாளைக்கு பி.எட்., அரசுத் தேர்வு எதற்குப் போனாலும் கைகொடுப்பது அந்தப் பட்டம்தான். இறையியல் பட்டத்தை அங்கே காட்ட முடியும் என்று நம்பி இருக்க வேண்டாம். இறையியல் படித்தவர்களுக்குச் சபை ஊழியம் தவிர மருத்துவமனைச் சாப்ளின் (நோயாளிகளுக்கான ஆயர்), விடுதிக் காப்பாளர், வேதாகம மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனப் பணி என்று வாய்ப்புகள் உண்டு. இறையியல் கல்லூரியில் கற்பிக்க ஆசையிருந்தால் இரண்டு வருட எம்.டிஎச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) வேண்டும். எம்.டிவ். முடித்தவரை செராம்பூர் எம்.டிஎச்.சில் எந்த நிபந்தனையில் சேர்ப்பார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, ஆயரின் கடிதம், மருத்துவச் சான்று, தன் அழைப்பைப் பற்றி அவனே எழுதிய சாட்சி ஆகியவற்றைக் கேட்பார்கள். சாட்சியை வேறு யாரும் எழுதித் தர வேண்டாம். நேர்காணலில் அதிலிருந்துதான் கேள்வி வரும். இந்த வாரமே உங்கள் ஆயரைப் போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு.