கிறிஸ்தவ வழிபாட்டில் யூத மரபு எந்த அளவுக்கு இருக்கிறது?

வேரே அதுதான் என்பேன். ஆலயத்தில் வாய்நிறையச் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா மூன்றும் எபிரேயத்திலிருந்து வந்தவை. அல்லேலூயாவின் கடைசி எழுத்தான ‘யா’, இறைவனுடைய பெயரின் சுருக்கம். ஓசன்னா, 118-ஆம் சங்கீதத்தில் வரும் ‘இரட்சியும்’ என்ற மன்றாட்டு. இன்று வாழ்த்தொலியாகப் பாடுகிறோம். உள்ளே இருப்பது ஒரு கதறல்.

இயேசுவின் கடைசி இராவுணவை நினைவுகூர்ந்து அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணையைப் பாருங்கள். அந்த இராவுணவு, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா பண்டிகையின் விருந்து என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். (யோவானின் கணக்குப்படி பஸ்காவுக்கு முந்தைய இரவு.) எகிப்தைவிட்டுப் புறப்பட்ட அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை, அந்த நினைவாகவே யூதர்கள் பஸ்காவில் புளிப்பில்லாத அப்பம் உண்கிறார்கள். இலத்தீன் முறைக் கத்தோலிக்கத் திருப்பலியில் குருவானவர் உயர்த்திக் காட்டும் மெல்லிய வெள்ளை அப்பமும் புளிக்காததுதான். அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாக்கும்போது அவர் சொல்லும் போற்றுதலும் யூதர்களின் உணவுநேர ஜெபத்தை ஒட்டி அமைந்தது. இவ்வளவும் இருக்க, யூதர்களை அந்நியராகவே சித்தரிக்கும் பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

வேதம் வாசித்து விளக்கம் சொல்லும் முறை யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயத்திலிருந்து வந்தது. நாசரேத்தில் இயேசு எழுந்து நின்று ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளை வாசித்ததையும், பிறகு உட்கார்ந்து பேசியதையும் லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் காணலாம்.