கொள்ளிடத்தில் நீந்தியவர்கள் கங்கையில் ராஃப்டிங் செல்லும் முன்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சிறுவயது முதல் கொள்ளிடத்தில் நீந்திப் பழகிய நண்பர்கள் நால்வர், ஜூலைக் கடைசியில் ரிஷிகேஷ் சென்று கௌடியாலாவிலிருந்து ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றுக் கொந்தளிப்பைக் கடந்து செல்லும் பயணம்) செய்ய விரும்புகிறோம். அதற்கு முன் கல்லணைக்குக் கீழே பழகிக்கொள்ளலாமா?”

முதலில் தேதியை மாற்றுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழைவெள்ளத்தால் அங்கே ராஃப்டிங் நிறுத்தப்படும். அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல் உகந்தவை.

கல்லணையில் பழகும் எண்ணத்தை அடியோடு கைவிடுங்கள். அணையோ கதவணையோ தலைப்பு மதகோ, தடுப்பைத் தாண்டி விழும் நீரின் மேற்பரப்பு மீண்டும் தடுப்பை நோக்கியே சுருண்டு வருவதால், அதில் சிக்கியவர் எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரராயினும் வெளியேற முடியாமல் உருட்டப்படுவார். காற்று கலந்த அந்த நுரையில் உடலும் சரியாக மிதக்காது.

என் பெருங்கவலை உங்கள் நீச்சல் பழக்கத்தைப் பற்றியதுதான். கொள்ளிடத்தில் கால் மணலைத் தொட்டதும் எழுந்து நிற்போம். பாறை ஆற்றில் அப்படி நின்றால், இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ள, நீர் உடலை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும். நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், இடுப்பளவுத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஆகவே படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி, பாதங்களை மேலே தூக்கியபடி மிதந்து சென்று, கொந்தளிப்பு அடங்கிய பிறகோ வழிகாட்டி குரல் கொடுக்கும்போதோ நீந்துங்கள். நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளையைப் பிடித்துக் கரையேறுவதும் நம் ஊர்ப் பழக்கமே. விரைந்தோடும் ஆற்றில் அந்தக் கிளைகள் நீரை மட்டும் வழியவிட்டு, ஆளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நால்வரும் இதைப் புறப்படும் முன்பே பேசி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கொந்தளிப்பை ஒன்று (எளிது) முதல் ஆறு (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பது வழக்கம். கௌடியாலா வழியிலுள்ள ‘தி வால்’ என்ற கொந்தளிப்பு நான்காம் தரத்தையும் மிஞ்சக்கூடியது. சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரையுள்ள சுமார் 16 கிலோமீட்டர் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரமே. முதல் நாள் அதில் சென்று, வழிகாட்டி சம்மதித்தால் மட்டும் மறுநாள் கௌடியாலாவுக்குப் போங்கள். கயாக் என்னும் குறுகலான சிறு துடுப்புப் படகை ஓட்டும் ஆசை இருந்தால், கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தக் கற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கியதும், தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். அது முகவாயைத் தாண்டி ஏறினால், படகில் கால் வைக்காமல் வேறு அளவு கேட்டு வாங்குங்கள்.