கணு விழுந்த கட்டையில் வில் வருமா?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த தடசு மரத்திலிருந்து ஆறடி நீளத்துக்கு ஒரு கட்டை பிளந்து வைத்திருக்கிறேன். குறிவைத்து அம்பு விட்டுப் பழக ஒரு வில் செய்ய ஆசை. ஆனால் கட்டையில் மூன்று கணு இருக்கிறது, ஒரு பக்கம் லேசாக நெளிந்தும் போகிறது. ஆசாரியிடம் காட்டினேன், "விறகுக்குத்தான் ஆகும்" என்றுவிட்டார். செய்யலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: தயவுசெய்து அடுப்பில் வைத்துவிடாதீர்கள். தடசு வளைந்துகொடுக்கிற மரம், கருவிகளுக்குக் கைப்பிடி போட அதைத் தேடிப் போவதே அதனால்தான். ஆசாரி சொன்னது அவர் வேலைக்குச் சரி, கதவுக்கும் மேசைக்கும் பலகை நேராக வேண்டும். வில்லுக்கு வேண்டியது வேறு: மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். அது நெளிந்து ஓடினால் வில்லும் நெளிந்தே இருக்கட்டும். இரண்டு முனையும் கைப்பிடியும் ஒரே கோட்டில் வந்து நாண் நடுவில் விழுந்தால் போதும்.

வில்லை இழுக்கும்போது உங்களைப் பார்க்கிற பக்கம் (வயிறு என்று வைத்துக்கொள்வோம்) நசுங்கும், எதிர்ப்பக்கமான முதுகு இழுபடும். முதுகில் எங்கே நாரை வெட்டினீர்களோ அங்கேதான் சிலாம்பு கிளம்பும், அப்புறம் வில் போய்விடும். நம்மூர் மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் பிரித்துப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருக்காது. அதனால் பட்டையைப் பொறுமையாக உரித்துவிட்டு, அதற்கு அடியில் தெரிகிற முகத்தையே முதுகாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உளியோ அரமோ படவே கூடாது. குறைக்கிற வேலையெல்லாம் வயிற்றுப் பக்கமும் விளிம்பிலும்தான்.

இப்போது கணு. அதன் பக்கத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நார் கணுவை முட்டி நிற்காது, ஓடைத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போய் மறுபடி சேர்ந்துகொள்ளும். பாரத்தைத் தாங்குவது சுற்றிப் போகிற அந்த நார்தான். அதனால் பென்சிலால் கோடு போடும்போது ஸ்கேலை ஓரமாக வைத்துவிட்டு நாரைப் பின்தொடர்ந்தே போடுங்கள், அரை அங்குலக் கணு என்றால் அந்த இடத்தில் வில்லின் அகலத்தை அரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். முதுகில் மேடு தெரிந்தால் இருக்கட்டும், அதைச் சீவி மட்டமாக்கினால் காப்பாற்ற வேண்டிய நாரைத்தான் வெட்டுகிறீர்கள். வயிற்றிலும் அங்கே கொஞ்சம் தடிமன் விட்டுவிடுங்கள்.

மூன்று கணுவில் ஒன்றைக் கைப்பிடிக்குள் கொண்டுவர முடிகிறதா பாருங்கள், கைப்பிடி வளையாது என்பதால் அங்கே அதனால் தொல்லை இல்லை. மற்றவை அகலத்தின் நடுவில் விழுந்தால் நல்லது. விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிற கணு மட்டும் ஆபத்து, அதைத் தவிர்க்கக் கோட்டைத் தள்ளிப் போடுங்கள். உலர்ந்து ஆடுகிற செத்த கணுவாக இருந்தால் மக்கினதைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கலாம். ஆனால் முதுகில் அந்த அடைப்பு இழுவையைத் தாங்காது, அங்கே பசை தடவி நூலை நெருக்கமாகச் சுற்றினால் சிலாம்பு கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கட்டையில் வில்லைக் குட்டையாகச் செய்யாதீர்கள். ஆறடியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அகலம் இரண்டு அங்குலம் விட்டு, வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலம் இருபது கிலோவுக்குள் நிற்கும்படி பாருங்கள்.

உலர்த்துவதை உங்கள் ஊரில் அலட்சியமாக விட முடியாது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூடுபனியிலும் மழையிலும் மரம் ஈரத்தை விடாது. ஈர மரத்தில் செய்த வில் சட்டென்று உடையாது, ஆனால் வளைந்த வாக்கிலேயே தங்கிவிடும், அம்புக்கு வேகம் இருக்காது. அதற்காகப் பச்சைக் கட்டையைச் சேலத்துக்கு இறக்கிச் சித்திரை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். வெட்டுமுனைகளுக்கும் உரித்த முதுகுக்கும் பெயின்டோ மெழுகோ பூசி, மேலேயே நிழலில் சில மாதம் கிடத்துங்கள், பிறகு கீழே யார் வீட்டிலாவது காற்றோட்டமான அறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு வந்து, எடை குறைவது நின்றதும் வேலையை ஆரம்பிக்கலாம்.

கடைசியில் வளைவைச் சரிபார்க்கிற வேலை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு, அதனால் ஒரு சுரண்டலுக்கே பலன் தெரியும். கைப்பிடியைச் சுவரில் ஒரு கட்டை மேல் உட்காரவைத்து, நாணில் கயிறு கட்டி, கீழே மாட்டிய கிணற்று உருளை வழியாகத் தள்ளி நின்று இழுங்கள். முழு இழுப்பு வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. எங்கே அதிகமாக மடங்குகிறதோ அந்த இடத்தைத் தொடாமல், மடங்காமல் விறைத்து நிற்கிற இடத்தில் பென்சிலால் குறி போட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, இருபது முப்பது தடவை லேசாக இழுத்து மெதுவாகத் தளர்த்திய பிறகு மறுபடி பாருங்கள். கணு இருக்கிற இடம் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அதைச் சமன் செய்யப் போகாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று விடவும் கூடாது.

கேள்வி: மூங்கில் பிளாச்சில் வில் செய்கிறேன். கணுவெல்லாம் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது, அரம் போட்டு வழவழப்பாக்கலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: கூடாது. மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோலை ஒட்டித்தான், அதுதான் உங்கள் வில்லுக்கு முதுகு. கூராக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை மட்டும் எமரித்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். உள்பக்கத்துக் கணுத்தடுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்கலாம்.