கடற்கரையில் பளிச்சென்றிருந்த படம் அறைக்கு வந்ததும் கறுப்பது ஏன்?

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மாதம் தங்கி வரைய வந்திருப்பதாகவும், மணலில் பளிச்சென்று தெரிந்த வாட்டர்கலர் படங்கள் அறைக்குள் கறுத்துத் தெரிவதாகவும், காலையில் பூசியது காயவே மறுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வர்ணத்தை மாற்ற வேண்டாம். தாளில் நேர் வெயில் விழுந்தால் வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். கை தானாக அடர்த்தியாகப் பூசிவிடும். தாள் நிழலில் இருக்கட்டும். குடை வைத்தால் கறுப்பு அல்லது வெள்ளை. சிவப்புக் குடைக்குக் கீழே நான் ஒருநாள் கலந்த மணல் நிறம், வெளியே எடுத்துப் பார்த்தால் பச்சை தட்டியிருந்தது.

காயாததற்குக் காரணம் கடலோர ஈரக்காற்று. காலையில் தாள் முழுக்க நனைக்காதீர்கள். தடிமனான 300 ஜிஎஸ்எம் தாளில் சிறு சிறு பரப்பாகப் பூசுங்கள். பிரஷை மட்டும் கடல்நீரில் கழுவிவிடாதீர்கள், உப்பு தாளில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம், நேரம். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் எதிர்வெளிச்சம், படகுகள் வெறும் நிழலுருவம்தான். நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து பாருங்கள். வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும். ஃபைபர் படகின் அடிவயிற்றில் மணலின் மஞ்சள் எதிரொளிப்பது தெரியும். அந்த நிழலைச் சாம்பலாகப் பூசிவிடாதீர்கள், படகுக்கு உயிரே அதில்தான். காற்று பலமாக இருக்கும். ஈரமணல் நிரப்பிய பையொன்றை ஈசலின் (படம் தாங்கும் சட்டத்தின்) நடுவில் தொங்கவிட்டால் சாயாது.

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.