ஜெர்மனியில் விஆர் ஆய்வு: யூனிட்டி தெரிந்தால் போதுமா?

ஹாம்பர்கில் முதுகலை சேர்ந்து ஒரு செமஸ்டர் முடித்திருக்கும் தம்பி கேட்டிருந்தார்: "யூனிட்டி நன்றாக வரும், இரண்டு விஆர் கேம் செய்திருக்கிறேன். இங்கேயே பிஎச்டி முடித்துப் பேராசிரியர் ஆக முடியுமா? ஜெர்மன் மொழி கட்டாயம் வேண்டுமா?"

தம்பி, விஆர் என்ற மெய்நிகர் உலகத்தையும் கேம்களையும் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் விஆர் ஆய்வகத்தில் அது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆட்களை வைத்து முறையாகச் சோதனை நடத்த வருமா என்றுதான் உங்களைப் பார்ப்பார்கள்.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்டைனிக்கேவும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணை மறைத்து மாட்டும் விஆர் ஹெட்செட்டில் தெரியும் காட்சியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போனால், நேராக நடப்பதாக நினைத்து நாம் வளைந்து நடப்போம். ஒரு கூடத்துக்குள்ளேயே பெரிய நகரத்தைச் சுற்றிவர இது ஒரு வழி. எவ்வளவு வளைத்தால் ஆளுக்குத் தெரியாமல் இருக்கும்? வட்டத்தின் ஆரம் குறைந்தது 22 மீட்டர் வேண்டும் என்று கண்டார்கள். ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப நடக்கவிட்டு, "பாதை இடப்பக்கம் வளைந்ததா, வலப்பக்கமா?" என்று கேட்டுக் கேட்டுக் கிடைத்த எண் அது. புரோகிராம் எழுதுவது இதில் ஒரு பகுதிதான். அதனால் அடுத்த செமஸ்டரில் புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் எடுங்கள். உளவியல் துறை வகுப்பாக இருந்தாலும் போய் உட்காருங்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை, மாநாடு எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் சோதனைக்கு வருகிறவர் அறுபது வயது ஜெர்மன் பாட்டியாக இருக்கலாம். ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்து, "என் தகவலை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்?" என்று கேட்பார். ஹெட்செட் மாட்டி ஐந்தாம் நிமிடம் குமட்டுகிறது என்று மெதுவாகச் சொல்வார். அந்த நொடியே புரிந்துகொண்டு நிறுத்தி, கழற்றி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம் தலைவலி, வியர்வை, மயக்கம் என்று 16 அறிகுறிகள் உள்ள படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். 1993இல் கென்னடி குழுவினர் உருவாக்கிய அந்தப் படிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நம்மை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவரிடம் அவர் மொழியில் பேசுவதுதான் மரியாதை. ஜெர்மனை பி2 வரையாவது, அதாவது தடையில்லாமல் உரையாடும் நிலை வரையாவது படித்துவிடுங்கள்.

உள்ளே நுழைய நல்ல வழி ஹிவி வேலை, அதாவது ஆய்வகத்தில் மாணவ உதவியாளர் பணி. வெளிநாட்டு மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழுநாள் வேலை என்ற வரம்பு இருக்கிறதே, பல்கலைக்கழகத்தின் ஹிவி வேலை அதில் சேராது. யாராவது சோதனை நடத்தும்போது கூட நின்று பாருங்கள். ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், இது பிடிக்கிறதா இல்லையா என்று.

பிஎச்டி இங்கே பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இ13 என்ற அரசு ஊதிய நிலை. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். முழு வேலையா, 65 சதவீதமா, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கேட்பதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

பேராசிரியர் ஆசையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பிஎச்டி பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் என்பதுதான் தற்காலிக ஒப்பந்தத்துக்கு இங்குள்ள பொது விதி. அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால் பலரும் வெளியேற வேண்டியதுதான். 2021இல் 'நான்தான் ஹன்னா' (ஹன்னா, இந்த விதியை விளக்கிய அரசு வீடியோவில் வந்த கற்பனை ஆய்வாளர்) என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் இதை எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. நல்ல ஆய்வாளர்களை நாற்பது வயதை ஒட்டி நிறுத்திவிடும் ஏற்பாடு இது.

இன்னொன்று, படித்த பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆவது இங்கே அரிது. ஊர் மாற வேண்டிவரும், நாடும் மாறலாம். கல்யாணப் பேச்சு நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெண் வீட்டாரிடமும் அந்தப் பெண்ணிடமும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.