காய்ச்சல் போனது, குழப்பம் வந்தது

கேள்வி: டெங்கு குணமாகி ஒரு மாதம் ஆகியும் அம்மா எதிலும் ஒட்டாமல், மறதியாகவே இருக்கிறார். வைரஸ் காய்ச்சல் மூளையையும் பாதிக்குமா?

பாதிக்கும். வைரஸ் நேராக மூளைக்குள் போயும் கெடுக்கலாம், வைரஸை விரட்டக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தியும் கெடுக்கலாம். என் அண்ணனுக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மா விஷயம். காய்ச்சலில் படுத்தால் சோறு பிடிக்காது, ஆள் பேச்சு பிடிக்காது, தூக்கம் தூக்கமாக வரும். அதற்கு வைரஸ் மூளைக்குள் போக வேண்டியதே இல்லை. எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்ற புரதங்கள்தான் மூளைக்குத் தகவல் அனுப்பி உடம்பைப் படுக்க வைக்கின்றன. முன்பு ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அதுவும் அந்த வகைப் புரதம்தான். போட்டுக்கொண்டவர்களில் கணிசமானவர்கள் மனச்சோர்வில் விழுந்தார்கள். ஆக, டெங்குவுக்குப் பிறகு சில வாரம் மந்தமாக இருப்பது புதிதில்லை. ஆனாலும் ஒரு மாதம் தாண்டிய மறதி என்றால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி அண்ணன் கதை. அவனுக்கு அப்போது 38 வயது. இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி. பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சட்னி கிண்ணத்தைக் காட்டி “அந்தச் சாவியை எடு” என்றான். அண்ணி சிரித்தார். டம்ளரும் சாவி, செல்போனும் சாவி. அப்புறம் “ரப்பர் கருகுது, அடுப்பைப் பாரு” என்றான். அடுப்பே எரியவில்லை. “எங்கேயோ பயந்திருக்கான், மந்திரிச்சுட்டு வந்துடலாம்” என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது.

நோயின் பெயர் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல். உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே வைரஸ். உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மூளைக்குப் போவது பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கோ நாலைந்து பேருக்கோதான். போனால், காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம் உள்ள மூளைப் பகுதியைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். வார்த்தை, ஞாபகம், வாசனை எல்லாம் அங்கேதான். சாவியும் ரப்பர் வாசனையும் எங்கிருந்து வந்தன என்பது எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தபோது புரிந்தது.

பரிசோதனைக்கு முதுகில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் சண்டை. “முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துடும்” என்று ஊரே போன் செய்தது. ஊசி குத்தும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டிய பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து இல்லாவிட்டால் இந்த நோயில் பத்துக்கு ஏழு பேர் பிழைப்பதில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. ராத்திரி இரண்டு மணி பாட்டில் என் பொறுப்பு.

வீட்டுக்கு வந்தான். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் தூக்கம் போனது. விடிய விடிய நடந்தான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று அண்ணி மேல் சந்தேகப்பட்டான். காய்ச்சல் இல்லை. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னவர்கள்தான் அதிகம்.

மறுபடியும் முதுகு நீர். இந்தத் தடவை வைரஸ் இல்லை. அதற்குப் பதிலாக, மூளை செல்களின் மேல் இருந்து அடுத்த செல்லின் தகவலை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம் இருந்தது. வைரஸ் செல்களை உடைத்தபோது உள்ளே இருந்த சரக்கு வெளியே சிந்த, அதையும் எதிர்ப்பு சக்தி எதிரி என்று நினைத்துக்கொள்கிறது என்பது டாக்டரம்மா சொன்ன விளக்கம். அந்தப் புரதம் ஒட்டிக்கொண்டால் ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுக் குறைந்துபோகின்றன. செல் சாவதில்லை, அதனால் மீள வழி உண்டு. இந்த நோயை 2007இல்தான் யோசப் தல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு அடையாளம் கண்டது. ஹெர்பிஸுக்குப் பிறகு இப்படி நடப்பது அபூர்வமும் இல்லை. 2018இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 51 பேரில் 14 பேருக்கு மூன்று மாதத்துக்குள் மூளையில் இந்த மாதிரி தன்னெதிர்ப்பு அழற்சி வந்திருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வைத்தியம்தான். போன மாதம் வைரஸைக் கொல்ல மருந்து. இந்த மாதம் எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டு, அதோடு ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின். விலையைக் கேட்டு அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிலத்தில் ஒரு பகுதி போனது. அண்ணன் தேறினான், மெதுவாக. அந்த மூன்று மாதம் அவனுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

அம்மாவுக்கு வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம், நாள் கணக்கில் தூக்கமின்மை, இல்லாததைப் பார்ப்பது, கேட்பது, ஆளே மாறிப்போன சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், உடனே நரம்பியல் டாக்டரிடம் போங்கள். போகும்போது எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். அண்ணி பால் கணக்கு நோட்டின் ஓரத்தில் “தூங்கலை”, “கோபம்”, “சாவின்னு சொல்றார்” என்று தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா ஸ்கேன் கவரைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் புரட்டினார்.